கையைப் பார்க்கும் மிஸி

வாசகரே, உம்மைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புக் கூறும் சுமை உமக்கில்லை. நான் சொல்வதைக் கேட்டு, சொன்னது இன்னதென்று நினைவில் வைத்திருந்தாற் போதும். மேடையேறிய நாள்முதல் என் எதிரில் இருந்தோரை நடுவர்களாகவே கருதிப் பழகியவன் நான். கைதட்டுவோர், மணியடிப்போர், புள்ளியிடுவோர் என்னும் மூவகையினரை அன்றி வேறு மனிதரை அறியாதிருந்தேன். இப்போது அம்மூவரிடத்தும் சலித்துப்போனேன். முப்பது வயதை எட்டாத ஒருவன் சலிப்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு நகைப்பாயிருக்கும். நகைத்துவிட்டு மேலே வாசிக்கலாம்.

நான் சொல்லவந்தது ஒரு மிஸியைப் பற்றி. எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸி என்றே அழைப்பர். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவரும் பிறர் பெயரைப் பொருட்படுத்தியவரல்லர். ஆட்களை அவர் கைகளால் அறிந்தார். “அந்த நகம் வெட்டாதவ வந்திட்டாவோ?” என்பார். “இடக்கைக்காரி எங்கை?” என்பார். என்னை முதன்முதலிற் கண்டபோதும் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. வலக்கை நடுவிரலில் இருந்த மைக்கறையைப் பார்த்தார்.

“எழுதுற தம்பியோ? மேசையைத் தொடாதையும். இப்பதான் துடைச்சது.”

அப்போது எனக்கு வயது இருபது. கோப்பாயில் ஊரவர் சிலர் கூடி நிறுவிய சங்கமொன்று பிள்ளைப்பேற்று மனை ஒன்றை நடத்திவந்தது. அயற்கிராமங்களிலிருந்து பெண்களைத் தெரிந்தெடுத்து, அவர்களை மருத்துவிச்சிகளாகப் பயிற்றி, அவரவர் ஊரிலேயே வேலைக்கு அமர்த்துவது அச்சங்கத்தின் நோக்கம். பயிற்றும் பொறுப்பு மிஸியினுடையது. சங்கத்தின் கந்தோரில் கடிதம் எழுதுவதும் கூட்டக் குறிப்பெடுப்பதும் என் பொறுப்பு. பேச்சுப் போட்டிகளிற் பெற்ற பதக்கங்களைச் சிறு பெட்டியிலிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி அறையில் ஒரு மேசையும் இருப்பதற்கு நீண்ட வாங்குப்பலகையும் இருந்தன, புத்தகம் இல்லை. சீலைப்பிள்ளை ஒன்று இருந்தது. பழைய வேட்டியைத் தைத்து, மணலும் பஞ்சும் அடைத்து, பிறந்த குழந்தையின் பாரத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் வேண்டுமென்றே துவளவிட்டிருந்தார் மிஸி. காலைதோறும் அதனை வெண்டிக்காய் அவித்த தண்ணீரில் தோய்த்தெடுப்பார். ஓய்வூதியம் பெறும் தபாலதிபரான எங்கள் தலைவர் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு காரணம் கேட்டார்.

“பிறக்கிற பிள்ளை துவாயாலை துடைச்சுப்போட்டு வாறதில்லை ஐயா. வழுக்கும். வழுக்கிறதைப் பிடிக்கப் பழகாட்டி, பேந்து நிலத்திலை இருந்துதான் எடுக்க வேணும்.”

 மறுநாள் தலைவர் தம் தோட்டத்து வெண்டிக்காயில் ஒரு கடகம் அனுப்பிவைத்தார்.

மிஸியின் முறை யாதெனில், ஒரு மருத்துவிச்சி செய்யவேண்டிய வேலை முழுவதையும் சிறு துண்டுகளாகப் பிரித்துவிடுவதே. கை கழுவுவது ஒரு துண்டு. கத்தரிக்கோல் அவிப்பது இன்னொன்று. தலையைத் தாங்குவது, தொப்புள்கொடியைக் கட்டுவது, கொடியை வெட்டுவது என அவை நீண்டு செல்லும். ஆபத்தென்று கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவதும் அவற்றுள் ஒன்று. இவை யாவும் சுவரிலிருந்த கரும்பலகையில் நிரையாக எழுதப்பட்டிருந்தன. எதிரே நான்கு பெண்களின் பெயருக்குப் பதிலாக அவர்களின் ஊர்ப்பெயர் இருந்தது. ஒரு துண்டைக் கை பிழையின்றிச் செய்துகாட்டும்வரை அடுத்த துண்டுக்குப் போக விடமாட்டார். ஒருத்தி ஒரே நாளில் மூன்று கட்டம் தாண்டுவாள். இன்னொருத்தி ஒரே கட்டத்தில் மூன்று கிழமை நிற்பாள். இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு பார்த்தார். “விளங்குதோ?” என்று அவர் கேட்டு நான் அறியேன். “செய்து காட்டும்” என்பதே அவர் வாயில் இருந்தது.

ஒரு தரம் செய்துகாட்டினால் வெண்கட்டியால் ஒரு புள்ளி. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தால் இரண்டாவது. மூன்றாவது புள்ளிதான் கடினமானது. அதற்கு மிஸி அறையையே சந்தையாக்கிவிடுவார். ஒருத்தி வாளியைத் தட்டுவாள், இன்னொருத்தி மாமியாராக வேடமிட்டு, “என்ரை காலத்திலை உப்பிடியே செய்தவை? விடு, நான் பாக்கிறன்” என்று கையைப் பிடித்திழுப்பாள். அந்த அமளிக்குள் கொடி கட்டவேண்டும். பேறு நடக்கும் வீட்டில் அமைதி இராது என்பது அவர் கணக்கு.

ஒருநாள் கணவன் வேடத்துக்கு ஆள் இல்லையென்று என்னைக் கந்தோரிலிருந்து கூப்பிட்டார். “நல்லாக் கரைச்சல் குடும் தம்பி” என்பது ஒன்றே எனக்கு இட்ட கட்டளை. எனக்கு அது போதாதா? வாசலில் நின்று, தந்தைமையின் தவிப்பைப் பற்றி நான் தொடங்கிய பேச்சு நல்ல கட்டுக்கோப்பானது. மூன்றாவது வாக்கியத்தில் நீர்வேலியாளான நாகம்மா தலை நிமிர்ந்தார்.

“தம்பி, கிணத்தடியிலை போய் ரெண்டு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ. சுறுக்கா.”

நான் போய்விட்டேன். இரண்டாவது வாளியைத் தூக்கும்போதுதான் நடிப்பென்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தபோது அறை முழுதும் சிரிப்பு. மிஸி மட்டும் சிரிக்காமல், கரும்பலகையில் ‘ஆம்பிளையை வெளியிலை அனுப்பினது’ என்று புதிய கட்டமொன்று எழுதி, நீர்வேலிக்கு நேரே புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நாளும் உந்தத் துண்டு எனக்குத் தோன்றேல்லை” என்றார்.

அவரைக் களைப்பின்றி நான் கண்டதில்லை. வாங்கிற் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால், தொட்டியடியிற் கை கழுவும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். “முழங்கைக்குத் தண்ணி போகேல்லை. திரும்பக் கழுவும்” என்று கண் திறவாமலே சொல்லுவார். பெண்கள் தமக்குள், “மிஸி நித்திரையிலையும் புள்ளி போடுவா” என்று பகிடி பண்ணுவார்கள். மிஸிக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. தம்மிலும் மூத்தவரான நாகம்மாவை அக்கா என்றே அழைப்பார். அக்கா என்று அழைத்துக்கொண்டே ஒரே முடிச்சை இருபது தரம் அவிழ்த்துக் கட்டச்செய்வார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். சொல்லிக் கொடுத்தால் விரைவில் முடியுமே என்பது என் வாதம்.

“எனக்கு எல்லாம் வாயாலைதான் படிப்பிச்சவை தம்பி. நான் கேட்டதுக்கெல்லாம் சரியா மறுமொழி சொன்னவள். முதல் பேறு பாக்கப் போன அண்டைக்கு எல்லாம் வாயிலையே நிண்டுது. கைக்கு ஒண்டும் வரேல்லை.”

 எழுந்து, கழுவியிருந்த கையை மறுபடியும் கழுவினார்.

இனி நாகம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவனை இழந்தவர்; பிள்ளைகள் இருவர். பிறருடைய வாழைத்தோட்டங்களிற் கூலிவேலை செய்துவந்தவர், ஒன்பது மாதமும் அதனை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தார். முடிவுப் பரீட்சையிற் சித்தியடைந்தால் நீர்வேலிக்கு அவரே மருத்துவிச்சி; தவறினால் மீண்டும் தோட்டம். அவ்வூருக்கு வேறு ஒருவர் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கரும்பலகையில் அவருடைய ஊருக்கு நேரே மட்டும் எல்லாக் கட்டங்களிலும் மும்மூன்று புள்ளிகள் நிறைந்திருந்தன.

பயிற்சி முடிவில், கொழும்பிலிருந்து ஒரு டொக்குத்தர் வந்து பரீட்சை நடத்துவார் என்று கடிதம் கிடைத்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. அரை நாள் மட்டுமே தங்குவார். பரீட்சையை எவ்வாறு நடத்துவது என்று ஆராயச் சங்கம் கூடியது. மிஸி எழுந்து நின்றார்.

“டொக்குத்தர் கதிரையிலை இருந்து பாத்தாலே காணும். இவையள் ஒவ்வொருத்தியாச் செய்து காட்டட்டும்.”

“நாலு பேரும் அரை நாளிலை செய்து காட்டேலுமே மிஸி?” என்றார் தலைவர்.

“பேறும் அரை நாளிலை முடியிறதில்லை ஐயா.”

சபையிற் சிலர் சிரித்தனர். தலைவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, நீர் என்ன நினைக்கிறீர்?” என்றார். அந்தக் கேள்விக்காகவே நான் காலை முதல் காத்திருந்தேன். வாய்மொழிப் பரீட்சையின் மாண்பைப் பற்றி அரைமணி நேரத்துக்கு மேற் பேசினேன். செயல் பழக்கத்தால் வருவது, சொல்லோ அறிவால் வருவது என்றேன். தான் செய்வதன் காரணத்தைச் சபைமுன் எடுத்துரைக்க இயலாதவரிடம் ஓர் உயிரை எவ்வாறு ஒப்படைப்பது என்று வினவி, வேண்டிய அளவு நிறுத்தி, சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கைதட்டினார்கள். வினாவையும் விடையையும் மொழிபெயர்க்கும் பணியும் எனக்கே கிடைத்தது.

“தம்பி நல்லாக் கதைக்கிறார்” என்றார் மிஸி. அவர் குரலிற் கோபம் இல்லை. “எனக்கு உப்பிடிக் கதைக்க வராது. கத்தரிக்கோல் அடுப்பிலை கிடக்கு. நான் போகவோ?”

பரீட்சையன்று மிஸி அறையில் இருக்கலாம், வாய் திறக்கலாகாது என்பது விதி. யன்னலோரம் அமர்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். டொக்குத்தர் நல்ல மனிதர். ஆயினும் புகையிரதத்தைத் தவறவிட அஞ்சி, கேட்பதும் குனிந்து எழுதுவதுமாகவே இருந்தார். அளவெட்டியிலிருந்து வந்த தவமணி பள்ளிக்கூடத்தில் நன்கு படித்தவள். என் வினாக்களின் நடையிலேயே விடை தொடுத்தாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவளுடைய ஊருக்கு நேரே இன்னும் பல கட்டங்கள் வெறுமையாயிருந்தன என்பதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக நாகம்மா வந்தார். பிள்ளை அழாவிட்டால் என்ன செய்வாய் என்று டொக்குத்தர் ஆங்கிலத்தில் எளிமையாகக் கேட்டார். நான் அதனைத் தமிழாக்கினேன்:

“ஈன்றெடுக்கப்பட்ட மகவு குரலெழுப்பாதிருக்குமாயின், அதன் சுவாசத்தைத் தூண்டும் பொருட்டு நீர் மேற்கொள்ளத்தக்க உபாயங்கள் யாவை?”

நாகம்மா என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. மகவு, சுவாசம் என்னும் இரண்டையும் பற்றிக்கொண்டு அவர் எங்கோ போய்ச் சேர்ந்தது தெரிந்தது. பின் கைகள் எழுந்தன. இடக்கை ஒன்றுமில்லாத வெளியில் ஒரு பிள்ளையை ஏந்தித் தலையைத் தாழ்த்திற்று. வலக்கைச் சின்னவிரல், சீலை சுற்றியதுபோல், அதன் வாயைத் துடைத்தெடுத்தது. உள்ளங்கை முதுகை இருமுறை தேய்த்தது. பின் பாதங்களைச் சுண்டிற்று. சற்றும் தடுமாறாத கைகள் அவை.

“என்ன சொல்லுகிறாள்?” என்று டொக்குத்தர் தலை நிமிராமலே ஆங்கிலத்திற் கேட்டார்.

“ஒன்றும் சொல்லவில்லை, ஐயா” என்றேன்.

எழுத்துக்கு எழுத்து அது உண்மை. நாகம்மாவின் வாய் ஒன்றும் சொல்லவில்லை. என் வாதத்தில் நான் வகுத்த விதியும் அதுவே. டொக்குத்தர் ஒரு கோடு கீறினார். யன்னலோரம் இருந்தவர் முதலில் நாகம்மாவின் கைகளைப் பார்த்தார். பிறகு, நான் அறிந்தவரை அந்த ஒரு முறைதான், என் முகத்தைப் பார்த்தார்.

மூவர் சித்தி, ஒருவர் தவறினார். டொக்குத்தர் புறப்பட்டுப் போனதும், தவமணி தொட்டியடியில் மிஸியிடம் வந்தாள்.

“மிஸி, எனக்கு இன்னும் கண்ணைக் கட்டினாக் கொடி கட்ட வராது. இப்ப என்னை அனுப்பாதேங்கோ.”

“நாளைக்கு விடிய வாரும்” என்றார் மிஸி.  நீர்வேலிக்கு நேரே இருந்த புள்ளிகளையும் அவர் அழிக்கவில்லை.

முடிவை அறிவிக்கும் கடிதங்களை எழுதியவன் நானே. ‘நும் விடைகள் போதியனவாயில்லை என வருந்தித் தெரிவிக்கலானோம்’ என்று நாகம்மாவுக்கு எழுதி, உறையை ஒட்டி, தபாற் பையில் இடப்போகையில் மிஸி வந்து வாங்கினார். எழுத்துக் கூட்டி வாசிப்பார்போல ஒவ்வொரு சொல்லாக உறையின்மேல் விலாசத்தைப் படித்தார்.

“இதை அவ வாசிக்கப் பக்கத்து வீட்டிலை ஆள் தேட வேணும். நீர் எழுதினது. நீரே கொண்டுவந்து வாசிச்சுக் குடும். நானும் வாறன்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் நடந்தேன். குடையை விரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். வெயில் தணியாத பின்னேரம். இருபுறமும் செம்மண் தோட்டங்கள், தண்ணீர் இறைக்கும் துலாக்கள் ஓய்ந்திருந்தன.  குற்றஞ்சாட்டுவார் என்று எதிர்பார்த்து, மறுப்புரைகளை வரிசைப்படுத்திக்கொண்டு நடந்தேன். அவை நல்ல மறுப்புரைகள். மொழிபெயர்ப்பாளன் சொல்லை மட்டுமே பெயர்க்கவேண்டும் என்பது முதலாவது.

“தம்பி, அண்டைக்கு அவவின்ரை கையைப் பாத்தனீரோ?”

“பாத்தனான் மிஸி.”

“எந்தக் கை முதல் போனது?”

“இடக்கை.”

“பிறகு?”

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் குடையை மடக்கினார்.

“சொல்ல வேண்டாம். செய்து காட்டும்.”

சைக்கிளை வேலியிற் சாய்த்துவிட்டு, நடுத்தெருவில் நின்று செய்துகாட்டினேன். இடக்கையால் ஏந்தினேன், தலையைத் தாழ்த்தினேன், சின்னவிரலால் வாயைத் துடைத்தேன், முதுகை இருமுறை தேய்த்தேன், பாதங்களைச் சுண்டினேன். வாழைக்குலை ஏற்றிய வண்டிக்காரர் ஒருவர் எங்களைக் கடக்கையில், “என்ன தம்பி, கூத்துப் பழகிறியளோ?” என்று கேட்டுப் போனார்.  

மிஸி கடைசிவரை கவனமாகப் பார்த்தார். ஒன்பது மாதமும் அந்தப் பெண்களின் கைகளை எப்படிப் பார்த்தாரோ அப்படி.

“சரி” என்றார். “ஒண்டும் விடேல்லை. எல்லாம் வடிவாப் பாத்திருக்கிறீர்.”

அவ்வளவுதான். குடையை மீண்டும் விரித்துக்கொண்டு நடந்தார். வரிசைப்படுத்தி வைத்திருந்த மறுப்புரைகளில் ஒன்றேனும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப இருந்த ஒரே வழியையும் என் கைகளாலேயே அடைத்துவிட்டேன். நான் எவரிடமும் தோற்றதில்லை என்று எண்ணியிருந்தவன். எதிர்த்து வாதாடாத ஒருவரிடம் அன்று தோற்றேன். தோற்றதைவிட, உடலெங்கும் வந்து இறங்கிய அயர்ச்சிதான் பெரிதாயிருந்தது.

தோட்டத்தை அடைந்தபோது நாகம்மா வாழைக்கன்றுகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்று இருந்தது.

“வாங்கோ மிஸி. வாங்கோ தம்பி. கடுதாசியே?” என்றார். பின்பு தாமாகவே சொன்னார்: “தெரியும். அண்டைக்குத் தம்பி கேட்டது எனக்கு முதல் பிடிபடேல்லை. பேந்துதான் பிடிபட்டது. அதுக்குள்ளை டொக்குத்தர் எழுதிப்போட்டார். என்ரை கெதி அவ்வளவுதான். தோட்டம் எங்கையும் போகேல்லை.”

தாமதமாகத் தமக்கு விளங்கியதே குற்றம் என்று அவர் நினைத்திருந்தார். நான் பார்த்தேன் என்பதை அவர் அறியார். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் மிஸியின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “மிஸி, இதுக்கு நான் ஏதாவது செய்ய வேணும்” என்றேன்.

“என்னட்டை ஏன் சொல்லுறீர்? அவ அங்கை நிக்கிறா.”

செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலைக் கடந்தேன். வேட்டிக் கரை நனைந்தது. அடுத்த தோட்டத்திற் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தனர். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று, ஊரிற் பேசுகிறபடியே உரத்துச் சொன்னேன்:

“நாகம்மா அக்கா, உங்களுக்குப் பிந்திப் பிடிபடேல்லை. டொக்குத்தர் எழுத முன்னமே நீங்கள் கையாலை மறுமொழி சொல்லிப்போட்டியள். நான் அதைப் பாத்தனான். பாத்துக்கொண்டே ஒண்டும் சொல்லேல்லை எண்டு அவருக்குச் சொன்னனான். வாற வெள்ளிக்கிழமை கூட்டத்திலை எழும்பி, எல்லாருக்கும் முன்னாலை இதை இப்படியே சொல்லுவன். சங்கம் உங்களைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்லும்வரைக்கும் நான் கதிரையிலை இருக்கமாட்டன்.”